முகவர் விற்க முடியாத விசா

“ஆள் வைக்காம விசா எடுக்கேலா.”

மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் கரையோரத்தில் இந்த வசனத்தைக் கேட்காத வீடு இல்லை. தேத்தண்ணிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் அது அடிபடுகிறது. சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் போய் வந்த தலைமுறையின் அனுபவத்தில் முளைத்த வசனம் அது. இப்போது வீட்டு அறையில் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வாப்பாமார் அதையே சொல்கிறார்கள். “மகன், நீ தனியா அனுப்பினா ரிஜெக்ட் பண்ணுவானுகள். ஒரு ஏஜென்சியப் புடிச்சு அனுப்பு.”

இந்த அறிவுரை அன்பினால் வருவது. ஆனால் பிழையானது. தொலைவேலை விசாவைப் பொறுத்தவரை ஆபத்தானதும்கூட.

தொலைவேலை விசா என்பது ஒரு நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டிலுள்ள நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ இணையம் வழியாக வேலை செய்பவர்களுக்கான தங்கும் அனுமதி. பிள்ளைகள் இதை ‘டிஜிட்டல் நோமாட் விசா’ என்பார்கள். கொரோனாக் காலத்தில்தான் இது பரவலாகியது. 2020இல் பார்படோசும் எஸ்தோனியாவும் டுபாயும் தொடங்கின. 2022 ஒக்டோபரில் மலேசியாவும் போர்த்துக்கலும் வந்தன. ஸ்பெயின் 2023இலும் தாய்லாந்து 2024 ஜூலையிலும் சேர்ந்துகொண்டன. நாடுகளின் பட்டியல் நீள நீள, “நோமாட் விசா, நூறு வீதம் உத்தரவாதம்” என்ற விளம்பரங்களும் கைப்பேசித் திரைகளில் நிறைகின்றன.

ஆள் வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். வளைகுடாவுக்குப் போனவர்கள் முட்டாள்தனத்தால் முகவரிடம் போகவில்லை. அந்த ஏற்பாடே அப்படித்தான். வேலை ரியாத்திலோ தோஹாவிலோ இருந்தது. விசாவை எடுப்பவர் அங்குள்ள கபீல் என்ற அனுசரணையாளர். அவருடைய வேலைக் கட்டளை கொழும்பு முகவரிடம் வந்தது. அவரிடமிருந்து சப் ஏஜென்ட் வழியாகச் சம்மாந்துறைக்கும் இறக்காமத்துக்கும் வந்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டமே உரிமம் பெற்ற முகவர் நிலையங்களை அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியாக அங்கீகரித்தது. எந்த வீட்டில் வேலை, எவ்வளவு சம்பளம் என்ற செய்தி முகவரின் கையில் இருந்தது. போகிறவரிடம் கடவுச்சீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படிப்பட்ட விசாவுக்கு ஆள் தேவைப்பட்டது உண்மைதான்.

தொலைவேலை விசா அந்த ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. போகும் நாட்டில் முதலாளி இல்லை, கபீல் இல்லை, வேலைக் கட்டளையும் இல்லை. வேலை ஏற்கெனவே விண்ணப்பதாரரின் மடிக்கணினியில் இருக்கிறது. ஒப்பந்தமும் விலைச்சிட்டைகளும் அவருடைய மின்னஞ்சலில் இருக்கின்றன. வருமானம் அவருடைய கணக்குக்கு வருகிறது. கேட்கப்படும் அத்தனைக்கும் பதில் அவரிடமே இருக்கும்போது முகவர் எதைக் கொண்டுவந்து சேர்ப்பார்?

மலேசியாவின் ‘டி ரந்தாவ்’ அனுமதியை எடுத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் மொழியாலும் உணவாலும் பள்ளிவாசலாலும் அதிகம் விரும்பும் நாடு அது. விண்ணப்பம் இணையவழியில் நேரடியாகச் செய்யப்படுகிறது. மென்பொருள், வடிவமைப்பு, டிஜிட்டல் சந்தைப்படுத்தல் போன்ற துறையினர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டொலருக்கு மேல் உழைப்பதைக் காட்ட வேண்டும். அதாவது மாதம் 2,000 டொலர், இன்றைய பெறுமதியில் ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாய். கடவுச்சீட்டின் பக்கங்கள், கல்வி மற்றும் தொழில் விபரக் கோவை, வேலை அல்லது செயற்றிட்ட ஒப்பந்தம், வருமானம் வந்து விழுந்ததைக் காட்டும் வங்கிக் கூற்று, மருத்துவக் காப்புறுதி, நன்னடத்தைச் சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. பிரதான விண்ணப்பதாரருக்குக் கட்டணம் 1,000 ரிங்கிட். இந்தப் பட்டியலில் முகவரால் மட்டுமே பெறக்கூடிய ஒரு கடதாசியாவது இருக்கிறதா? நன்னடத்தைச் சான்றுக்கான விண்ணப்பத்தைக்கூட இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்திலேயே செய்யலாம்.

மற்ற நாடுகளும் இப்படித்தான். டுபாய் மாதம் 3,500 டொலர் வருமானம் கேட்கிறது. போர்த்துக்கல் தன் நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் நான்கு மடங்கையும், ஸ்பெயின் இரண்டு மடங்கையும் கேட்கின்றன. தாய்லாந்து 500,000 பாத் சேமிப்பைக் காட்டச் சொல்கிறது. எல்லாம் பகிரங்கமாக எழுதி வைக்கப்பட்ட எண்கள். எந்த முகவரும் அவற்றை ஒரு சதம்கூடக் குறைக்க முடியாது. ஜப்பானின் தொலைவேலை விசா, அந்த நாட்டுக்கு விசா விலக்கு உள்ள சில நாட்டவர்களுக்கு மட்டுமே உரியது. இலங்கைக் கடவுச்சீட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்பான் நோமாட் விசா எடுத்துத் தருகிறேன் என்று இங்கே ஒருவர் முற்பணம் கேட்டால், அவர் கேட்பது இல்லாத ஒன்றுக்கான விலை.

“அவருக்கு உள்ளுக்கு ஆள் இருக்கு” என்பது அடுத்த வாதம். கொழும்பில் பல தூதரகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கும் மையங்கள் இயங்குகின்றன. கடதாசிகளைச் சரிபார்த்து வாங்குவதும், விரலடையாளம் எடுப்பதும், உறையைத் தூதரகத்துக்கு அனுப்புவதும் அவற்றின் வேலை. முடிவெடுக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. அந்த மேசையில் இருப்பவரைத் தெரிந்து வைத்திருப்பதால் விசா கிடைக்காது. தபால்காரரைத் தெரிந்து வைத்திருப்பதால் பரீட்சையில் சித்தியடைய முடியாது என்பது போலத்தான் இதுவும்.

இடைத்தரகர் வந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு முழுவதும் அண்மையில் பார்த்தது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கு வரும் வெளிநாட்டவர்களின் இணைய விசா வேலையை, அதுவரை குறைந்த செலவில் இயங்கிய முறைமையை ஒதுக்கிவிட்டு, வீஎப்எஸ் குளோபல் அடங்கிய வெளிநிறுவனக் கூட்டணியிடம் அரசாங்கம் கையளித்தது. 75 டொலர் விசாவுக்கு 18 டொலர் 50 சதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 7 டொலர் 27 சதம் வசதிக் கட்டணம். மொத்தம் 100 டொலர் 77 சதம். விசா வழங்கும் அதிகாரம் முன்புபோலவே குடிவரவுத் திணைக்களத்திடம்தான் இருந்தது. கூடியது செலவு மட்டும். அரசியல்வாதிகளான சுமந்திரன், பாட்டலி சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம் ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. உத்தரவை நடைமுறைப்படுத்தாத குடிவரவுத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பரில் விளக்கமறியலுக்குப் போனார். ஒரு விண்ணப்பத்துக்கு 25 டொலர் 77 சதம் கூடுதலாக வாங்கிய ஓர் ஏற்பாட்டுக்கு எதிராக இவ்வளவு பெரிய வழக்கு நடந்த நாட்டில், கல்முனைப் பிள்ளையிடம் இலட்சக்கணக்கில் வாங்கும் ‘சேவை’யைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

“சின்னப் பிழைக்கும் ரிஜெக்ட் ஆகும், ஏஜென்சிக்குப் பழக்கம் இருக்கு” என்கிறார்கள். பிழைகளால் விண்ணப்பம் திரும்புவது உண்மை. ஆனால் நம் பகுதி விண்ணப்பங்களில் வரும் பிழை எப்படிப்பட்டது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு மேசையில் நான்கு கடதாசிகள். பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழில் ‘முகம்மது றிஸ்வான்’. அடையாள அட்டையில் தகப்பன், பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் முன்னால் வந்து நிற்கின்றன. கடவுச்சீட்டில் அந்த எழுத்துகள் முழுப் பெயர்களாக விரிந்து ஒரு வரி முழுவதையும் நிரப்புகின்றன. வங்கிக் கணக்கில் மூன்று முதலெழுத்துகளும் ஒரு பெயரும். ‘முகம்மது’ என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அப்வேர்க் வேலைத்தளக் கணக்கிலோ பேயோனியர் பணக் கணக்கிலோ நான்காவது விதம். வெளிநாட்டு அதிகாரி ஒருவர் இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது இது ஒரே ஆள்தானா என்று சந்தேகப்படுவது இயல்பு.

இந்தச் சிக்கலை முகவர் எப்படித் தீர்ப்பார்? விண்ணப்பத்தில் தனக்கு வசதியான எழுத்துக்கூட்டைப் போடுவார். அப்போது ஐந்தாவது விதம் ஒன்று பிறக்கும். சரியான தீர்வு வேறு. வங்கிக்குப் போய் கணக்கின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி மாற்றச் சொல்ல வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டையும் காட்ட வேண்டும். பெயர்கள் அனைத்தும் ஒருவருக்கே உரியவை என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைக்க வேண்டும். மூன்றும் விண்ணப்பதாரர் தன் ஊரிலேயே, தன் கையால் செய்யக்கூடியவை.

அடுத்தது வங்கிக் கூற்று. இங்கேதான் பெரிய தீங்கு நடக்கிறது.

ஆறு மாதக் கூற்றொன்றைக் கற்பனை செய்து பாருங்கள். முதல் ஐந்து மாதங்களும் மீதி பத்தாயிரம், பதினையாயிரம் ரூபாய்க்குள் ஏறி இறங்குகிறது. கைப்பேசி ரீலோட், மின்சாரக் கட்டணம், தன்னியக்க இயந்திரத்தில் எடுத்த ஐயாயிரம். விண்ணப்பத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் திடீரென்று இருபது இலட்சம் வந்து விழுகிறது. விசா முடிவு வந்ததும் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். ‘ஷோ மணி’ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வட்டிக்கு எடுத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் இந்தக் காசை, விசா அதிகாரி ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். தொலைவேலை விசாவுக்குப் பெரும்பாலும் அவர் தேடுவது மீதியை அல்ல, மாதா மாதம் வரும் வருமானத்தை. வட்டிக்கு வாங்கிய காசைத் தன் காசு என்று கையெழுத்துப் போட்டுச் சொல்வது பொய்ச் சாட்சியம். ஐந்து நேரம் தொழுகிற ஒரு சமூகம், வட்டியையும் பொய்ச் சாட்சியத்தையும் ஒரே கடதாசியில் சேர்த்துக் கட்டித் தரும் தொழிலை ‘உதவி’ என்று அழைப்பது வேதனை.

அந்தப் பொய்க்குச் சட்டத்திலும் விலை உண்டு. பொய்த் தகவலோ போலி ஆவணமோ பிடிபட்டால் கனடா ஐந்து ஆண்டுகள் கதவை மூடுகிறது. ஏமாற்று நிரூபணமானால் பிரித்தானியா பத்து ஆண்டுகள் வரை தடுக்கிறது. முகவர்தான் செய்தார், எனக்குத் தெரியாது என்பது பெரும்பாலும் எடுபடாது. கையெழுத்து விண்ணப்பதாரருடையது.

2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்களுக்கு நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஜலந்தரில் இயங்கிய ஒரு முகவரை நம்பிப் பல ஆண்டுகளுக்கு முன்னால் போனவர்கள் அவர்கள். படித்து முடித்து, வேலைக்குப் போய், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் தங்கள் கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. நாடுகடத்தல் அறிவித்தல்கள் வந்தன. விண்ணப்பத்தை மாணவர்களே தயாரித்தது போலக் காட்டியிருந்தார் முகவர். தன் பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார். போராட்டத்துக்குப் பிறகு நாடுகடத்தல் நிறுத்தி வைக்கப்பட்டு ஒவ்வொரு வழக்கும் தனித்தனியாகப் பார்க்கப்பட்டது. முகவர் 2024இல் கனடாவிலேயே சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் அந்த மாணவர்கள் தூக்கமின்றிக் கழித்த மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

பஞ்சாப் வரைக்கும் போவானேன்? இதே கிழக்குக் கரையில் மூதூரின் றிசானா நபீக்கை மறந்துவிட்டோமா? 1988இல் பிறந்த பிள்ளையை 1982இல் பிறந்தவளாகக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். பதினேழு வயது. சில வாரங்களில் அவள் கவனிப்பில் இருந்த குழந்தை இறந்தது, கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. நீதிமன்றத்தில் வயதைச் சொல்ல வேண்டி வந்தபோது அவளுக்கு எதிராக நின்றது, முகவர்கள் தயாரித்த அந்தக் கடவுச்சீட்டு. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆவணத்தைப் பொய்யாக்கிய முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் விதித்தது சிறைத்தண்டனை மட்டும்.

மடிக்கணினியோடு கோலாலம்பூர் போகும் இளைஞனையும் றிசானாவையும் ஒப்பிடுவது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். இருவரின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் “கடதாசியை அவர் பார்த்துக்கொள்வார்” என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் பழக்கம் ஒன்றேதான். கணினி வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்து மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களுக்குக் கடத்தப்பட்ட இலங்கை இளைஞர்களும் அந்தப் பழக்கத்தின் பலிகள்தான். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. கணினி தெரிந்ததால்தான் குறிவைக்கப்பட்டார்கள்.

எல்லா உதவியும் தவறென்று இந்தக் கட்டுரை வாதாடவில்லை. ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதத்தைத் திருத்திக் கொடுப்பவருக்கு, சான்றிதழை மொழிபெயர்ப்பவருக்கு, வரிக் கோவையைத் தயாரிக்கும் கணக்காளருக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஸ்பெயினிலோ போர்த்துக்கலிலோ குடும்பத்தோடு குடியேறுபவர், அந்த நாட்டில் பதிவு பெற்ற சட்டத்தரணியை அமர்த்துவதும் நியாயம். கனடா, அவுஸ்திரேலியா, பிரித்தானியா போன்ற நாடுகள் காசு வாங்கிக் குடிவரவு ஆலோசனை சொல்பவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கின்றன. அவர்கள் செய்த வேலைக்குக் காசு வாங்குவார்கள். முடிவுக்கு உத்தரவாதம் கொடுக்க மாட்டார்கள். ஒரிஜினல் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். ரசீது கொடுப்பார்கள். உத்தரவாதம் கொடுத்து, கடவுச்சீட்டைப் பிடித்து, ரசீது கேட்டால் கோபப்படுகிறவர் செய்வது வேறு தொழில். இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதே என்று அவர் காட்டினாலும், அது ஆட்களை வேலைக்கு அனுப்புவதற்கான உரிமம். தன் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அதனால் பயன் இல்லை. சந்தேகமிருந்தால் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு ஓர் அழைப்பு போதும்.

முகவருக்குக் கொடுக்கும் காசையும் நேரத்தையும் எதில் போட வேண்டும் என்பதும் தெளிவானதுதான். நம் பிள்ளைகளில் பலர் பைவரிலும் அப்வேர்க்கிலும் உழைக்கிறார்கள். ஆனால் அந்த உழைப்புக்கு ஒழுங்கான தடம் இல்லை. ஒரு மாதம் பேயோனியரில் கிடக்கும், இன்னொரு மாதம் கூட்டாளியின் கணக்குக்குப் போகும், மீதி கையில் காசாக மாறும். வாடிக்கையாளரோடு எழுத்து ஒப்பந்தம் இருக்காது. வரிக் கோவை என்றால் பயம். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு. வங்கி வழியாக நாட்டுக்குள் வந்தால் அதன் உச்சம் 15 வீதம். அந்த வரியைக் கட்டியதற்கான கடதாசி ஒரு விசா அதிகாரியின் மேசையில் எந்த முகவரின் கடிதத்தையும்விடப் பாரமானது. ஒரே கணக்கு, ஒரே பெயர், மாதா மாத வரவு, எழுத்து ஒப்பந்தம், வரிக் கோவை. ஆறு மாதம் இப்படி நடந்தால் விண்ணப்பம் பாதிக்கு மேல் தயார்.

வருமானம் இன்னும் 2,000 டொலரைத் தொடவில்லை என்றால்? அப்போது அந்த விசா இன்னும் அவருக்கு உரியதாகவில்லை, அவ்வளவுதான். உம்மாவின் நகையை ஈடு வைத்து, வயல்காணியைக் குத்தகைக்குக் கொடுத்து முகவரிடம் காசைக் கட்டினாலும் அந்த எண் மாறாது. அதே காசை ஒரு நல்ல மடிக்கணினிக்கோ, ஒரு தொழிற்பயிற்சிக்கோ, ஆங்கிலத்துக்கோ கொடுத்தால் ஒருவேளை மாறும்.

இந்தக் கரையோரத்தில் வசதிகள் இல்லாமல் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் நூலகமும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் இருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து பழகிய மூத்தவர்களும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஜும்ஆ நாள் அஸருக்குப் பிறகு, நூலகத்தில் ஒரு மேசையும் இணைய இணைப்பும் போட்டு, உத்தியோகபூர்வ இணையத்தளத்தைத் திறந்து வைத்து, இளையவர்களோடு விண்ணப்பத்தை வரிக்கு வரி வாசித்துக் காட்டுங்கள். பெயர்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள், வங்கிக் கூற்றைப் பாருங்கள், தகுதி இல்லையென்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இதற்கு எந்த உரிமமும் வேண்டாம், ஒரு சதமும் வாங்க வேண்டாம். சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு சபை இதை அடுத்த மாதமே தொடங்கட்டும்.